மருந்து தெளிக்கும் ட்ரோன்களுக்குப் பல பாட்டரிச் சார்ஜர்: தெரிந்தெடுக்கும் முறையும் உபயோகிக்கும் முறையும்

மாப்பிள்ளையூரணி முதல் ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் வரையிலுள்ள மானாவாரிக் கரிசல் நிலங்களில் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம் முதலிய பயிர்களுக்கு ட்ரோன் என்னும் மின் விமானத்தைக் கொண்டு மருந்து தெளிக்கும் வழக்கம் சில ஆண்டுகளாகப் பரவி வருகின்றது. 2018-ஆம் ஆண்டில் நம் தேசத்தில் காணப்பட்ட படைப்புழு மக்காச்சோளத்தை அழிக்கத் தொடங்கிய பிறகு, ஆள் உயரப் பயிருக்குள் கைத்தெளிப்பானுடன் புகுந்து தெளிப்பதற்குக் கூலியாட்கள் கிடைப்பது அரிதாயிற்று. 2023 நவம்பரில் மத்திய சர்க்கார் நமோ ட்ரோன் தீதி திட்டத்தை அங்கீகரித்து, 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விலையில் 80 சதவீதம், அதிக பட்சம் 8 லட்சம் ரூபாய், உதவித் தொகையாக அளிக்க ஏற்பாடு செய்தது. அத்திட்டத்தில் விமானத்துடன் நான்கு உபரி பாட்டரி ஜோடிகளும் இரட்டை வழிச் சார்ஜரும் சேர்க்கப்பட்டிருப்பதை அநேகர் கவனிப்பதில்லை. விமானத்தின் விலையைப் பற்றி ஒரு மாதம் ஆலோசிப்பவர்கள் சார்ஜரைப் பற்றி ஒரு நாழிகையும் ஆலோசிப்பதில்லை. ஆயினும் ஒரு காலையில் ஏழு ஏக்கர் தெளிக்கப்படுமா, பதினொரு ஏக்கர் தெளிக்கப்படுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சார்ஜரே.

முதலில் பாட்டரியின் தன்மையை அறிய வேண்டும். 10 லிட்டர் மருந்து கொள்ளும் விமானங்களில் சாதாரணமாய் லித்தியம் பாலிமர் வகைப் பாட்டரிகள் இரண்டு ஜோடியாக இணைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஆறு அறைகள் உண்டு. ஓர் அறையின் சராசரி அழுத்தம் 3.7 வோல்ட், முழுதும் ஏறியபின் 4.2 வோல்ட். ஆகவே ஆறு அறைப் பாட்டரி நிறைந்தபோது 25.2 வோல்ட் காட்டும். அதன் மேல் 16,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால், 16 ஆம்பியர் மின்சாரத்தை ஒரு மணி நேரம் கொடுக்கவல்லது என்பது பொருள். அதே 16 ஆம்பியரில் ஏற்றுவதை 1 சி வேகம் என்பர். சுமார் ஒரு மணியில் நிறையும். 2 சி வேகத்தில் பாதி நேரம் போதுமாயினும், பாட்டரியின் மேல் அவ்வேகத்திற்கு அனுமதி அச்சிட்டிருந்தாலன்றி அதைச் செய்யலாகாது. அனுமதி இருப்பினும் தினந்தோறும் அவ்விதம் ஏற்றினால் பாட்டரியின் ஆயுள் குறையும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பாட்டரிக்கு 16 ஆம்பியர், 25.2 வோல்ட் என்றால் சுமார் 400 வாட். ஜோடிக்கு 800 வாட். சார்ஜரில் வீணாகும் பகுதியையும் சேர்த்து 900 வாட் என வைத்துக்கொள்ளலாம். சிறு மாதிரி விமானம் பறக்கவிடும் பிள்ளைகள் வைத்திருக்கும் 80 வாட் சார்ஜரில் ஒரு பாட்டரி ஏறுவதற்கே நான்கரை மணிக்கு மேலாகும். மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்குவது நம் தொழிலுக்கு உதவாது.

ஒரு தடவை பறப்பதற்கு 10 நிமிஷமும், மருந்து நிரப்பிப் பாட்டரி மாற்ற 5 நிமிஷமும் ஆவதாகக் கொள்வோம். ஒரு பறப்பில் ஏறக்குறைய ஓர் ஏக்கர். இக்கரையில் வெயில் ஏறிக் கடற்காற்று வலுப்பதற்கு முன் வேலையை முடிக்க வேண்டுமாகையால், காலை 6 மணி முதல் 9 மணி வரையே நமக்குக் கிடைக்கும் நேரம். கையில் ஐந்து ஜோடிகள் நிறைந்துள்ளன. இறக்கிய பாட்டரி கால் மணி நேரம் ஆறிய பிறகே ஏற்றத்தக்கது. ஒரு ஜோடியை மாத்திரம் ஏற்றும் சார்ஜர் இருந்தால் 7.25-க்கு ஒரு ஜோடியும் 8.25-க்கு ஒரு ஜோடியும் தயாராகும். ஆக ஏழு பறப்பு. இரு ஜோடிகளை ஒரே சமயத்தில் ஏற்றினால் ஒன்பது. நான்கு ஜோடிகளை ஏற்றினால் பதினொன்று. இரண்டு ஜோடிப் பாட்டரி கூடுதலாக வாங்கினாலும் ஏழு ஒன்பதாகும். ஆனால் பாட்டரி சில நூறு தடவை ஏற்றி இறக்கியதும் தேய்ந்துவிடும். நல்ல சார்ஜர் அவ்வளவு விரைவில் தேயாது. ஆகையால் முதலில் இரண்டாவது சார்ஜரையே வாங்கும்படி யோசனை கூறுவேன்.

வாங்கும்போது ஏமாற்றத்திற்கு இடமான ஒரு விஷயம் உண்டு. சில சார்ஜர்களிலும் அவற்றுடன் வரும் பல துவாரப் பெட்டிகளிலும் நான்கு அல்லது ஆறு இணைப்புகள் இருக்கும். ஆனால் அவை ஒன்றன்பின் ஒன்றாகவே ஏற்றும். இராத்திரி வைத்துவிட்டுக் காலையில் எடுப்பதற்கு அது வசதி; வயலில் அதனால் பயனில்லை. வேறு சிலவற்றில் எல்லா வழிகளும் ஒரே சமயத்தில் வேலை செய்யுமாயினும், மொத்த வாட் அவற்றிற்குள் பங்கிடப்படும். ஆதலால் “ஒரே நேரத்தில் எத்தனை வழி, ஒவ்வொரு வழிக்கும் எத்தனை வாட்?” என்று கேட்டு, விடையை ரசீதில் எழுதி வாங்குக. ஒவ்வொரு அறையையும் தனித்தனியே சமன்செய்யும் சிறு கம்பி இணைப்பு எல்லா வழியிலும் இருக்க வேண்டும். பல பாட்டரிகளை ஒரே வழியில் பக்கவாட்டில் இணைத்து ஏற்றும் பலகையை நான் சிபாரிசு செய்வதில்லை. ஒன்று பாதி நிறைந்தும் மற்றொன்று வெறுமையாயும் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் வெள்ளமாய்ப் பாய்ந்து கம்பி எரியும். சில கம்பெனிகளின் அறிவுப் பாட்டரிகள் தம் சார்ஜரைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டா; அவற்றை வைத்திருப்போர்க்கு இவ்வாராய்ச்சி வேண்டியதில்லை.

மின்சாரம் எங்கிருந்து கிடைக்கும்? நான்கு ஜோடிகளுக்கு 3,600 வாட் தேவை. வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பிளக்கின் எல்லையே 230 வோல்டில் 3,680 வாட் ஆகையால், இரண்டு தனி இணைப்புகளில் பிரித்து வைப்பதே உத்தமம். 3 கிலோவாட் ஜெனரேட்டரில் இரு ஜோடிக்கு மேல் வைக்கலாகாது. ஜெனரேட்டரை முதலில் ஓடவிட்டு, ஓட்டம் நிலைத்த பிறகே சார்ஜரைச் செருக வேண்டும். மோட்டார் கொட்டகையிலிருந்து எடுப்பவர்கள் ஒன்றை மறக்கலாகாது. இரு பேஸ்களுக்கு நடுவே 415 வோல்ட் உண்டு. தவறி அங்கே இணைத்தால் சார்ஜர் அக்கணமே கருகும். தொட்டவர் உயிருக்கும் அபாயம். லைசென்ஸ் பெற்ற மின்காரரைக் கொண்டு ஒரு பேஸும் நியூட்ரலும் உள்ள பிளக் பொருத்திக்கொள்க.

ஏற்றத் தொடங்குமுன் சார்ஜரின் முகத்தில் லித்தியம் பாலிமர் என்ற வகையும், ஆறு அறை என்ற எண்ணும், 16 ஆம்பியர் என்ற அளவும் சரியாயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உயர் வோல்ட் லித்தியம் என்ற பிரிவில் வைத்துவிட்டால் அறைக்கு 4.35 வோல்ட் வரை ஏற்றி, பாட்டரி வீங்கவோ தீப்பிடிக்கவோ கூடும். வீங்கிய பாட்டரியையும், விழுந்து அடிபட்டதையும் ஏற்றவே கூடாது. வேப்பமர நிழல் போன்ற காற்றோட்டமான இடத்தில், சிமெண்டுத் தரையிலோ தகரத்தின் மீதோ வைத்து ஏற்றுக. வைக்கோற்போர், மருந்து அறை, படுக்கும் வீடு ஆகிய இடங்கள் ஆகா. உலர்ந்த மணல் இரண்டு வாளி பக்கத்தில் இருக்கட்டும். தீப்பற்றினால் மணல் அது பரவாமல் தடுக்கும். அப்புகை விஷமாகையால் காற்று வரும் திசையில் விலகி நிற்க வேண்டும். ஏற்றும் நேரம் முழுவதும் ஒருவர் பார்வையில் இருப்பது அவசியம்.

நம் கடற்கரைக்கே உரிய தொல்லை உப்புக் காற்று. உப்பளங்களுக்கு அருகே வைக்கும் சார்ஜரின் பித்தளை இணைப்புகளில் சில வாரங்களில் பச்சை படர்ந்து, அவ்விடம் சூடாகி, ஒரு வழி மாத்திரம் அடிக்கடி நின்றுபோகும். சார்ஜர் கெட்டுவிட்டதென்று கடைக்கு அனுப்புமுன், மின்சாரத்தை நிறுத்தி இணைப்புகளை உலர்ந்த துணியாலும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலாலும் துடைத்துப் பார்க்க. தண்ணீர் படலாகாது. விசிறித் துவாரத்தில் அடையும் கரிசல் தூசியை மெல்லிய தூரிகையால் நீக்குக. வேலையில்லாத நாட்களில் மூடியுள்ள பெட்டியில் வைப்பது நலம்.

பருவம் முடிந்ததும் பாட்டரிகளை நிறைத்தோ வெறுமையாகவோ வைக்கலாகாது. சார்ஜரில் சேமிப்பு என்றொரு பிரிவு உண்டு. அது அறைக்கு ஏறக்குறைய 3.8 வோல்டில் நிறுத்தும். மழையால் தெளிப்பு இரண்டு மூன்று நாளைக்கு மேல் தள்ளிப்போனாலும் அவ்விதமே செய்க. மாதம் ஒருமுறை அழுத்தத்தைப் பார்த்து, ஒவ்வொரு பாட்டரிக்கும் எண்ணிட்டு, எத்தனை தடவை ஏற்றப்பட்டதென்று குழுவின் நோட்டில் குறித்து வருக. ஜோடியில் ஒன்று மற்றதைவிட விரைவில் இறங்குமாயின், அவ்விரண்டையும் சேர்த்தே ஒதுக்கிவிட வேண்டும். பழையதுடன் புதியதை ஜோடி சேர்த்தால் மருந்துச் சுமையுடன் விமானம் நடுவயலில் இறங்கிவிடும்.