பொறையும் விடாமுயற்சியும்

உயிர்கள் உலகிற் பிறந்து வாழுங்காலத்து இன்பமும் துன்பமும் மாறி மாறி வந்தடைதல் யாவரும் அறிந்ததொன்று. அவற்றை எங்ஙனம் ஏற்பது என்பதை அறிந்தாரோ சிலரே. துன்பம் வந்தபொழுது மனமுடைந்து எடுத்த தொழிலைக் கைவிடுதலும், இன்பம் வந்தபொழுது அதனைத் தம் ஆற்றலின் பயனே என மதித்துச் செருக்குறுதலும் பெரும்பான்மையோர் இயல்பு. இவை வேறு வேறு குற்றங்கள் போலத் தோன்றினும், வினைப்பயனின் இயல்பை உணராமை என்னும் ஒரு வேரினின்று கிளைத்த இரண்டு கிளைகளே. இதனைச் சித்தாந்த நூன்முறையானும், நம் தொண்டைநாட்டில் நிகழ்ந்த ஒரு வரலாற்றானும் ஈண்டு ஆராய்வாம்.

பொறுமை என்றதும், வாய் மூடிச் செயலற்றிருத்தலே அது எனச் சிலர் கொள்வர். அது பொருந்தாது. திருவள்ளுவனார் பிறர் செய்த தீங்கைப் பொறுத்தலைப் பொறையுடைமை என இல்லறவியலில் வைத்தார். தமக்கு வந்த துன்பத்துக்குக் கலங்காமையை இடுக்கணழியாமை எனப் பொருட்பாலில், ஆள்வினையுடைமையை அடுத்து 63-ஆம் அதிகாரமாக வைத்தார். முயற்சியை முன்னும் கலங்காமையைப் பின்னும் நிறுத்திய அம்முறை வைப்புச் சிந்திக்கத்தக்கது. முயல்வானுக்கே இடையூறு உளதாம். முயலாதான் பொறுத்தற்கு ஒன்றுமில்லை. ஆகலின் முயற்சியோடு கூடாத பொறுமை மடி எனப்படும். பொறுமையோடு கூடாத முயற்சி பதற்றமாய் முடியும்.

இனி, சித்தாந்தம் இதனை ஆழ்ந்து விளக்குமாறு காண்பாம். வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும். முன்னைப் பிறவிகளில் ஈட்டிக் கிடப்பது சஞ்சிதம். அதினின்று இப்பிறவியில் நுகர்தற்கு வந்தது பிராரத்தம். அதனை நுகருங்காலத்து விருப்பு வெறுப்புக்களால் புதிதாக ஏறுவது ஆகாமியம். வந்த துன்பம் பிராரத்தமாதலின் நுகர்ந்தே கழியும். அத்துன்பத்துக்கு ஏதுவானவன் என ஒருவனைப் பகைப்பின், கழிய வேண்டிய கடனைத் தீர்க்கும்போதே புதுக்கடன் வாங்கியதாம். வந்த இன்பத்தை ‘யான் செய்தேன், எனக்கே உரியது’ எனப் பற்றின் அதுவும் புதுக்கடனே. ஆகவே பொறுமையாவது நுகர்ச்சியிடத்து ஆகாமியம் முளையாவண்ணம் காத்தல் என்று அறிக.

இப்பயிற்சி முற்றிய நிலையே இருவினையொப்பு. இது நல்வினை தீவினைகள் நிறையால் ஒத்து நிற்றலன்று. அவ்விரண்டிலும் அவற்றின் பயன்களிலும் ஒருங்கே பற்று நீங்கி, உயிரின் அறிவு ஒருபடித்தாய் நிற்றலே அது எனச் சிவஞான முனிவர் தம் மாபாடியத்தில் தெளிவித்தனர். இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்த உயிர்க்கே சத்திநிபாதம் நிகழும். ஆகலின் இடுக்கண் ஏற்றம் இரண்டினும் மனம் நிலைபெறப் பழகுதல் உலகியல் நலம் கருதி மட்டும் செய்வதன்று. வீட்டுநெறிக்கும் அதுவே முதற்படி.

இவ்வுண்மையைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாற்றில் கண்கூடாகக் காணலாம். அவ்வரலாற்றை விரித்துப் பாடிய சேக்கிழார், பூவிருந்தவல்லியை அடுத்த குன்றத்தூரினர். வரலாற்றின் ஒரு கூறு நிகழ்ந்த வடதிருமுல்லைவாயில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உளது. ஆவடியைச் சார்ந்த சேக்காடு முதலிய ஊரினர்க்கு அஃது அணித்தேயுள்ள தலமாகும்.

சுவாமிகள் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தருளியபோது, அவரைப் பிரியேன் என மகிழமரத்தின்கீழ்ச் சூளுற்றனர். பின்னர்த் திருவாரூர் வசந்தவிழா நினைவில் எழ, ஆற்றாராய்ச் சூளைக் கடந்து புறப்பட்டனர். ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் இரு கண்களும் ஒளி இழந்தன. ஈண்டு நாம் உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. இவ்விடுக்கண் வறுமையிலோ தோல்வியிலோ தோன்றிற்றன்று. விரும்பிய யாவும் கைகூடிய வாழ்வின் நடுவே, ஒரு விழைவைப் பொறாமையால் தோன்றிற்று. எனவே பொறுமை துன்பக் காலத்துக்கே உரியதன்று, இன்பக் காலத்துக்கும் இன்றியமையாதது என்பது பெறப்படும். துன்பத்தில் மனம் தானே விழிப்புறும். அது கண்ணயர்வது ஏற்றத்திலேயே.

கண்ணிழந்தவர் இருந்த இடத்தே அமர்ந்துவிட்டாரல்லர். முல்லைவாயிலை அடைந்து, பாட்டுத்தோறும் தம் துயர் களையுமாறு வேண்டிப் பதிகம் பாடினர். கண் கிடைத்திலது. அங்கிருந்து மேற்றிசையில் உள்ள திருவெண்பாக்கத்தை அடைந்து, கோயிலில் உள்ளீரோ என இறைவனையே வினவினர். ஆண்டும் கண் கிடைத்திலது; ஊன்றுகோல் ஒன்றே கிடைத்தது. பின்னர்ப் பழையனூர்த் திருவாலங்காட்டின் வழியாகக் காஞ்சியை அடைந்தபோது இடக்கண் ஒளி பெற்றது. அதன்பின்னும் உடலில் ஒரு பிணி வருத்தியது. இந்நாளில் குத்தாலம் என வழங்கும் திருத்துருத்தியில் திருக்குளத்து நீராட அது நீங்கிற்று. முடிவில் திருவாரூரிலேயே வலக்கண்ணும் பெற்றனர்.

திருவெண்பாக்கத்துத் திருக்கோயில் இருந்த இடம், 1944-இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் அடங்கிற்று. ஆயினும் வழிபாடு நின்றுவிடவில்லை. பூண்டியில் அமைந்த திருக்கோயிலில் ஊன்றீசர் என்னும் திருப்பெயரோடு இறைவன் இன்றும் வணங்கப்பெறுகின்றார்.

அற்றேல், சுவாமிகள் முறையிட்டாரன்றோ? இறைவனை இடித்தும் பாடினாரன்றோ? அதனைப் பொறுமை எனல் யாங்ஙனம் எனின், கூறுதும். பொறுமைக்கு மாறாவது முறையீடன்று. நெறியினின்று விலகுதலே அதற்கு மாறு. சுவாமிகள் தோழமை நெறியில் நின்றவராதலின் தம் நோவை மறையாது உரைத்தனர். உரைத்தது உரியவனிடத்தே, பிறரைப் பழித்திலர். தம் பிழையையும் மறைத்திலர். பிழையைப் பொறுப்பான் என்னும் துணிவாற் பிழைத்ததைத் தாமே எடுத்து மொழிந்தனர். வேண்டியது கிடையாவிடத்தும் அடுத்த தலத்துக்கு நடந்தனர். துயர்க்கு அழுவது குற்றமன்று. அழுதுகொண்டே நடப்பவனும் வழியைக் கடப்பான். அழுகையே தொழிலாக அமர்ந்திருப்பவன் கடவான்.

அற்றன்று, எல்லாம் வினைவழி வருமெனின் முயற்சி எற்றுக்கு எனின், அதுவும் பொருந்தாது. வினை சடமாதலின் தானே வந்து பயன் தரமாட்டாது. இறைவனே அதனைக் கூட்டுவிப்பவன். அங்ஙனம் கூட்டுவிக்குங்கால் உயிரின் முயற்சியையும் வாயிலாகக் கொள்வன். இன்ன பயன் உளது என்பதை முயலுமுன் ஒருவரும் அறியார். சுவாமிகள் வெண்பாக்கத்தில் நின்றுவிட்டிருப்பின் காஞ்சியில் பெறவிருந்ததை எங்ஙனம் பெறுவர்?

ஊன்றுகோலின் பொருளையும் சிந்திப்பாம். அது கண்ணாகாது, கேட்டதும் அதுவன்று. ஆயினும் அடுத்த அடி வைத்தற்கு அது போதியது. நம் வாழ்விலும் இறைவன் கேட்டதை உடனே முழுதும் தருவது அரிது. அடுத்த அடிக்கு வேண்டுவதைத் தருவது பெரிதும் உண்டு. தேர்வில் தவறிய மாணவனுக்கு ஆசிரியர் கூறும் ஒரு சொல்லும், தொழில் இழந்தவனுக்குக் கிடைக்கும் சிறுகூலியும், நோயுற்றவனுக்கு இரவில் வந்த ஒரு நாழிகை உறக்கமும் ஊன்றுகோல்களே. இது கண்ணன்றே என எறிந்துவிடுவோர் பலர். கோலை ஏற்று நடந்தவர்க்கே இடக்கண்ணும், அதன்பின் வலக்கண்ணும் வந்தன என்பதை மறத்தலாகாது.

இப்பகுதியின் ஏரிகள் இதற்கு நல்ல உவமையாம். அம்பத்தூர் ஏரியும் பருத்திப்பட்டு ஏரியும் வானத்தை நோக்கி மழையை வற்புறுத்துவன அல்ல, பெய்தபொழுது ஏற்கின்றன. மிக்க நீரைக் கலங்கல் வழியாக விடாது முழுதும் தேக்கின் கரை உடையும். வறண்ட காலத்துக் கரையைப் பேணாது விடின் அடுத்த மழை பயன்படாது ஓடும். ஏற்றத்தில் மிகையைப் பிறர்க்கு விடுதலும், இடுக்கணில் கரையைக் காத்தலும் மனத்துக்கும் உரிய முறையாம்.

ஆகவே இதனைப் பயில விரும்புவோர் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்க. இடுக்கண் வந்தபொழுது, அதில் தம் பிழையின் பங்கு யாது எனத் தேர்ந்து, பிறரைப் பகையாது, தம்மையும் அளவிறந்து நோவாது ஒப்புக்கொள்க. அன்றன்று செய்யும் கடமையையும் வழிபாட்டையும் அன்று செய்வதினும் மிகுக்காவிடினும் குறையாது செய்க. ஏற்றம் வந்தபொழுது, முன்னர்ப் பிறர்க்குக் கூறிய உறுதிமொழிகளை நினைந்து பார்க்க. செல்வத்தில் நாம் முதலில் மறப்பன அவையே.

வடதிருமுல்லைவாயிலுக்குச் செல்லும் அன்பர்கள், கண்ணொளி இழந்த ஒருவர் ஒருகால் அச்சந்நிதியில் நின்று பாடினார் என்பதையும், பாடியபின் ஒன்றும் பெறாதவராயே அங்கிருந்து புறப்பட்டார் என்பதையும் சிறிது எண்ணுவாராக. வேண்டியது கிடையாது திரும்பும் நாள் நமக்கும் உண்டு. அந்நாளிலும் அடுத்த தலம் நோக்கி அடி எடுத்து வைக்கும் உரத்தைத் திருவருள் நம் அனைவர்க்கும் அளிப்பதாக.