காப்பீட்டுக்கு மேல் ஒரு காப்பீடு வேண்டுமா?

டாலஸில் இருக்கும் அக்கா மகன் போனில் கேட்டான்: "மாமா, அம்பர்லா பாலிசின்னு ஒண்ணு எடுக்கச் சொல்றாங்க, எடுக்கலாமா?" டெக்சாஸில் கட்டாயக் கார் காப்பீடு, அடிபட்ட ஒருவருக்கு 30,000 டாலர் வரைதான் கொடுக்கும். மிச்சம் நம் தலையில் விழும்; அந்த மிச்சத்தை ஏற்கும் மேல்காப்பீடுதான் இந்த அம்பர்லா. சொந்த வீடு வைத்திருக்கிறான், எடுத்துக்கொள் என்றேன்.

"உங்களுக்கு வேண்டாமா?" என்றான். செந்துறையிலிருந்து தளவாய் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் டிப்பர்களுக்கு நடுவில்தான் வண்டி ஓட்டுகிறோம். நியாயமான கேள்வி என்று பட்டதால், வீட்டிலிருந்த பாலிசிகளை எல்லாம் எடுத்து உட்கார்ந்து படித்தேன்.

நம் நாட்டுத் தேர்டு பார்ட்டி பாலிசியில், எதிராளி இறந்தாலோ காயம்பட்டாலோ இழப்பீட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. தீர்ப்பாயம் 50 லட்சம் என்றாலும் கம்பெனிதான் கட்ட வேண்டும். 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு இதற்கு ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. பொருள் சேதத்துக்கு மட்டும் வரம்பு உண்டு: பைக்குக்கு 1 லட்சம், காருக்கு 7.5 லட்சம். ஆக, சாலையைப் பொறுத்தவரை மேல்காப்பீடு நமக்குத் தேவையில்லை. இருப்பதில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பெரிய ஓட்டை டிராக்டரில். முந்திரிக் கொட்டை பொறுக்க ஆள் ஏற்றிப் போகிறோம், காதுகுத்துக்குக் குலதெய்வக் கோயிலுக்கு ஒரு தெருவே டிரெய்லரில் கிளம்புகிறது. பாலிசியில் விவசாய வேலைக்கு மட்டும் என்று அச்சடித்திருக்கும். டிரெய்லரில் உட்கார்ந்து வந்தவர் விழுந்தால் கம்பெனி கைவிரித்துவிடும், நிலத்தை விற்றுத்தான் கட்ட நேரும். டிரெய்லரில் ஆள் ஏற்றுவதை மட்டும் எந்தச் சமாதானமும் சொல்லாமல் நிறுத்த வேண்டும். கோயிலுக்கு ஒரு வேன் பிடியுங்கள்.

விற்ற வண்டி அடுத்தது. கையெழுத்துப் போட்ட பாரத்தைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்கிறோம். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கியவர் இன்சூரன்ஸ் கட்டாமல் ஓட்டி இடித்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். பெயர் மாறும்வரை விடாதீர்கள்.

லைசென்ஸ் இல்லாத பையனிடம் சாவியைக் கொடுத்தாலும் இதே கதிதான். பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி கட்டும், பிறகு அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்கும். பின்னால் உட்கார்ந்து வரும் மனைவிக்கு வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி உதவாது. ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தால்தான் உண்டு. நமக்கென்று 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கால், 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு 5 வருடத் தேர்டு பார்ட்டி சேர்த்தே தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஐந்து வருடம் முடிந்த தேதி நம்மில் பலருக்கு நினைவில்லை. 2019, 2020-இல் ஷோரூமிலிருந்து எடுத்த வண்டிகளுக்கெல்லாம் அது முடிந்துவிட்டது. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் தேதி தெரியும். இன்றைக்கே பாருங்கள், முடிந்திருந்தால் புதுப்பித்த பிறகு வண்டியை எடுங்கள்.