முப்பது அங்குலத்தில் முதல் கம்பி

ஒரு பிஸ்கட் டப்பாவில் அறுந்துபோன 11 முதல் கம்பிகளைச் சுருட்டி வைத்திருக்கிறேன். ஷார்ட் ஸ்கேல் பேஸை ஆறு கம்பி கிட்டாராக மாற்றப்போவதாகச் சொல்லி யார் வந்தாலும், பேச்சைத் தொடங்கும் முன் அந்த டப்பாவைத் திறந்து காட்டுகிறேன். ஒவ்வொரு கம்பியும் நான் ஒரே தப்பைத் திரும்பச் செய்ததற்குச் சாட்சி.

எங்கள் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். கல்யாண வரவேற்புக்கு நாலு பேருக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. அப்படியென்றால் கார்டு வாசிக்கிற நானே அடியில் பேஸும் கொடுத்தாக வேண்டும். "ஏழு கம்பி கிட்டார் வாங்கிடு" என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். இன்றும் சொல்கிறார்கள். நண்பரின் ஏழு கம்பி கிட்டாரை ஒரு மாதம் வாங்கி வைத்து வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றேன். அதுவும் சாதாரண கிட்டாரின் இருபத்தைந்தரை அங்குல நீளம்தான். ஏழாவது கம்பியை ஏ வரைக்கும் இறக்கினால் தொளதொளத்துவிடுகிறது. கொஞ்சம் அழுத்தி மீட்டினாலே சுருதி மேலே ஏறி இறங்குகிறது. கீழ்ச் சுருதிக்கு நீளம் வேண்டும். முப்பது அங்குல பேஸில் அதே ஏ, 55 ஹெர்ட்ஸில், அசையாமல் நிற்கிறது. இந்த விஷயத்தில் நான் எடுத்த முடிவு சரி. இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

உங்கள் வீட்டிலும் அலமாரி மேல் வாசிக்காத ஒரு பேஸ் கிடக்கும். அதன் நட்டை அளந்து பாருங்கள். என்னுடையது 41 மில்லிமீட்டர். சாதாரண கிட்டாரின் நட் 42, 43 இருக்கும். நாலு கம்பிக்குச் செய்த கழுத்தில் ஆறு கம்பி கிட்டத்தட்ட அப்படியே உட்கார்ந்துவிடும். இந்த ஒன்றைப் பார்த்துத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது.

மரவேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலையில் இருந்த பெரிய துளைகளை உருளைக் கட்டை வைத்துப் பசை போட்டு அடைத்து, காய்ந்ததும் கிட்டார் கீ உட்கார 10 மில்லிமீட்டரில் துளை போட்டேன். கீக்களை நட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். கிட்டார் கம்பி ஒரு மீட்டருக்கும் குறைவு, தூரம் போனால் எட்டாது. அசையாத வகை கிட்டார் பிரிட்ஜ் போதும். நட்டிலிருந்து 12-வது ஃபிரெட் வரை அளந்து, அதை இரண்டால் பெருக்கி, அந்தக் கோட்டில் சேடிலின் முன் எல்லை நிற்கும்படி பூட்டுங்கள். தடித்த கம்பிக்குச் சேடில் பின்னால்தான் நகர வேண்டியிருக்கும், அதற்கு இடம் விட வேண்டும். பிக்கப் பழையது வேண்டாம், பிளேடு வைத்தது வாங்குங்கள். கம்பிக்கு நேரே காந்தம் இருக்கிறதா என்ற கவலை இருக்காது. நாலு பேஸ் கம்பி இழுப்பதைவிட ஆறு கிட்டார் கம்பி குறைவாகத்தான் இழுக்கும். அதனால் கழுத்து பின்பக்கம் வளைந்து கம்பி எல்லாம் ஃபிரெட்டில் அடிக்கும். டிரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

தப்பு நடந்தது சுருதி சேர்ப்பதில். மேலே ஐந்து கம்பியும் நான் இருபது வருஷமாக வாசிக்கிற மாதிரியே ஏ, டி, ஜி, பி, ஈ. ஆறாவது மட்டும் ஈ-க்குப் பதில் கீழ் ஏ. காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. கார்டு எதையும் புதிதாகக் கற்க வேண்டாம், கட்டை விரலுக்குக் கீழே பேஸ் தயாராக இருக்கும். 10 கேஜ் கம்பியைப் போட்டு ஈ-க்கு ஏற்றினேன். டி ஷார்ப் தாண்டும்போதே கம்பி தடி மாதிரி விறைத்தது. ஈ-யைத் தொட்டது. ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, சேடிலில் அறுந்தது.

கடைக்காரரிடம் போனேன். "பத்து தடிமன் சார், அதான் டென்ஷன் தாங்கல. ஒன்பது போடுங்க" என்றார். ஒன்பதும் அறுந்தது. "எட்டு போடுங்க" என்றார். எட்டும் அறுந்தது. அடுத்து பழுது பார்க்கிற அண்ணனிடம் போனேன். சேடிலில் கூர் இருக்கிறது என்று சொல்லித் தேய்த்துக் கொடுத்தார். பிறகு எலும்பு நட் மாற்றினார். இரண்டுக்கும் காசு வாங்கினார். கம்பி ஒரு நாள் நின்றது. அந்த நம்பிக்கையில் திருச்சியில் ஒரு வரவேற்புக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்றாவது பாட்டின் இடையிசையில் கம்பியை அரைச் சுரம் வளைத்தேன். அறுந்து வந்து மணிக்கட்டில் கீறியது. மாற்றிப் போட்டேன், ஏழாவது பாட்டில் திரும்ப அறுந்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டிலிருந்து அதன்பின் எங்களுக்கு அழைப்பே வரவில்லை.

கடைசியில் விஷயத்தைப் புரியவைத்தது எங்கள் கீபோர்டு தம்பி. இஞ்சினியரிங் படிக்கிறவன். கம்பி அதிர்வின் கணக்கை மெர்சென் என்பவர் 1636-லேயே எழுதி வைத்துவிட்டார் என்று ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினான். ஒரே கம்பி, ஒரே சுருதி. நீளம் மட்டும் இருபத்தைந்தரையிலிருந்து முப்பதானால் இழுவிசை 38 சதவீதம் ஏறுகிறது. சரி, மெல்லிய கம்பி போட்டால்? பத்திலிருந்து எட்டுக்குப் போனால் தேவைப்படும் இழுவிசை 36 சதவீதம் குறைகிறது. ஆனால் கம்பியின் குறுக்குப் பரப்பும் அதே 36 சதவீதம் குறைகிறது. தாங்கும் வலுவும் அதோடு போய்விடுகிறது. எந்த கேஜ் போட்டாலும் வெறும் எஃகுக் கம்பி அறுவது ஏறக்குறைய ஒரே சுருதியில்தான். அதைத் தீர்மானிப்பது நீளம். நான் கேட்டது, சாதாரண கிட்டாரின் முதல் கம்பியை மூன்று கட்டையிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து கட்டைக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, கச்சேரி முழுக்க அதில் வளைத்தும் வாசிப்பதற்குச் சமம். ஏற்றத்தான் முடியும், வாசிக்க முடியாது. கம்பி விற்பவருக்கு இது தெரியாமலிருக்கலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் இரண்டு தடவை சொல்லி என்னிடம் விற்றதுதான் எனக்கு ஆறவில்லை.

கண்ணெதிரே ஒரு அடையாளமும் இருந்தது. ஃபெண்டர் 1961-ல் பேஸ் சிக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இதே முப்பது அங்குலம், ஆறு கம்பி. டானெலக்ட்ரோ அதற்கு முன்பே, 1956-ல், ஆறு கம்பி பேஸ் செய்துவிட்டது. இரண்டிலுமே முதல் கம்பி கிட்டாரின் முதல் கம்பிக்கு ஒரு ஸ்தாயி கீழே. அந்த நீளத்தில் மேல் ஈ வைக்க அவர்கள் போகவே இல்லை. அவற்றின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்ட நான் சுருதியைப் பார்க்கவில்லை.

இப்போது என் சுருதி கீழிருந்து ஏ, ஈ, ஏ, டி, எஃப் ஷார்ப், பி. கடையில் கிடைக்கிற சாதாரண 11-52 செட். ஆறாவதுக்கு மட்டும் தனியாக ஒரு 56. முதல் கம்பி பி-யில் கையோடு வளைகிறது. எட்டு மாதத்தில் ஒன்றுகூட அறவில்லை.

ஆசைப்பட்ட மேல் ஈ-யும் கிடைத்துவிட்டது. ஐந்தாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டால் மேல் ஐந்து கம்பியும் ஏ, டி, ஜி, பி, ஈ ஆகிவிடும். நீளமும் இருபத்திரண்டரை அங்குலமாகக் குறைந்துவிடும். கேப்போவின் ரப்பரில் ஆறாவது கம்பிக்கு நேரே பிளேடால் ஒரு துண்டை வெட்டி எடுத்தேன். அந்தக் கம்பியை அது தொடாது, கீழ் ஏ திறந்தே ஒலிக்கும். முதல் நாள் காகிதத்தில் எழுதியிருந்த அதே சுருதி! அந்தக் கம்பியில் மற்ற பேஸ் சுரங்களைப் பிடிக்க கேப்போ இடைஞ்சல்தான். ஏ-யில் நிற்கிற பாட்டுகளுக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறேன், மற்றதற்குக் கழற்றிவிடுகிறேன். கேப்போவையும் பிளேடையும் தவிர இதற்கு ஒரு செலவும் இல்லை. இதைக் கடைக்காரரும் சொல்லவில்லை, காசு வாங்கிய அண்ணனும் சொல்லவில்லை.

நீங்கள் டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இப்போது வைத்திருக்கிற கிட்டாரில் முதல் கம்பியை ஜி வரை ஏற்றி, நாலு தடவை வளைத்து வாசித்துவிட்டு, ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு ஏற்றுங்கள். காலையில் அந்தக் கம்பி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, உங்கள் பேஸின் முதல் கம்பி எந்தச் சுருதியில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.