நோன்பாளியின் ஈரல்

ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி ஆட்டை உரிக்கும்போது ஈரல் எது, சுவரொட்டி எது, குண்டிக்காய் எது என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சட்டென்று காட்டிவிடுவார்கள். உடற்கூறு பற்றிய முதல் பாடம் அவர்களுக்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது. ஆட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள், நமக்கு ஒன்று. அதுபோன்ற சில வேற்றுமைகள் உண்டு. ஆனால் ஈரலும் குண்டிக்காயும் செய்யும் வேலை பெரிதும் ஒத்ததே. அந்த வேலை என்னவென்று நோன்பு வைக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது.

வளர்ந்த மனிதரின் ஈரல் சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. வலப்பக்க விலாவுக்கு உள்ளே இருக்கிறது. ஸஹரில் உண்ட சோறு குடலில் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. இரைப்பைக்குப் பின்னாலுள்ள கணையம் இன்சுலினைச் சுரந்து, அந்தச் சர்க்கரையை ஈரலும் தசைகளும் ஏற்கும்படி செய்கிறது. ஈரல் தன் பங்கை கிளைக்கோஜன் என்னும் மாவுப் பொருளாக்கிச் சேமிக்கிறது. இப்பொருளை 1857-ல் பிரித்தெடுத்துக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் குளோட் பெர்னார். சேமிப்பு சுமார் 100 கிராம்தான். மூளையோ மணிக்கு 5 கிராம் சர்க்கரை கேட்கிறது!

குழித்துறை ஆறு கடலோடு சேரும் தேங்காய்ப்பட்டணம், பூமத்திய ரேகைக்கு 8 பாகை வடக்கே உள்ளது. ஆகவே ரமளான் எந்தப் பருவத்தில் வந்தாலும் இங்கே நோன்பு ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரம். (லண்டனில் ஜூன் மாதத்து நோன்பு 18 மணியையும் தாண்டிவிடும்.) முதல் சில மணி நேரம் ஸஹர் உணவே போதும். பிறகு கணையம் குளூக்ககான் என்னும் மற்றொரு நீரைச் சுரக்க, ஈரல் தன் சேமிப்பை அவிழ்க்கிறது. கொழுப்பும் எரியத் தொடங்குகிறது. அஸருக்குப் பின் சோர்வு வரலாம். நலமுள்ளவருக்கு அதனால் ஆபத்தில்லை.

தண்ணீரின் கணக்கு வேறு. இரு குண்டிக்காய்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் தவிர மற்றதையெல்லாம் இரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. தாகம் மிகும்போது மூளையிலிருந்து கட்டளை வந்து, சிறுநீர் இன்னும் சுருங்கி நிறம் அடர்கிறது. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுவதால் நீர் போகிறதே தவிர உடல் போதுமான அளவு குளிர்வதில்லை. தேங்காய் வெட்டுகிறவர், மீன்கூடை சுமக்கிறவர் இரவிலேயே இடைவெளி விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஸஹர் முடிவில் ஒரே மூச்சில் ஒரு செம்பு நிறையக் குடித்தால், அதில் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும்.

இனி, சர்க்கரை நோயுள்ள பெரியவர்களின் விஷயம். கிளைபென்கிளமைடு, கிளைமிபிரைடு போன்ற மாத்திரைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கும்படி தூண்டுகின்றன. ஊசியாகப் போடும் இன்சுலினும் வயிறு காலியா என்று பார்ப்பதில்லை. இன்சுலின் மிகுந்திருக்கும்போது ஈரலின் சேமிப்பு வேகமாக அவிழாது. மாலையில் வாப்பாவுக்குக் கை நடுங்குகிறது, குளிர்ந்த வியர்வை கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அதை நோன்புக் களைப்பு என்று எண்ணி, பாங்கு சொல்லும்வரை காத்திருக்கலாகாது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பாருங்கள். அதனால் நோன்பு முறியாது என்றே மார்க்க அறிஞர்கள் பலரும் கூறுகின்றனர். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தாலும், 300-க்கு மேலே ஏறியிருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. இறங்கியிருந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

“பாங்குக்கு இன்னும் அரைமணிதானே” என்று பெரியவர்கள் பிடிவாதம் செய்வார்கள். நோயாளிக்கு நோன்பை விட அனுமதி குர்ஆனிலேயே இருக்கிறது. பின்னொரு நாளில் களாச் செய்யலாம், தீராத நோயென்றால் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா உண்டு. மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்ற, ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே, அதாவது ரஜப் மாதத்திலேயே, டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.