பச்சைப்பயறு: சீன வைத்தியம் சொல்வது என்ன?

இராமநவமிக்கு நீர்மோர், பானகத்துடன் நாம் பயத்தம்பருப்புக் கோசுமல்லி செய்கிறோம். வங்காளத்தார் அதே பருப்பை மணக்க வறுத்து 'முகேர் டால்' வைக்கிறார்கள். நம் கொல்கத்தாவின் டிரெட்டா பஜாரிலும் டேங்ராவிலும் குடியேறிய சீனர்களின் மரபிலோ, அது உணவு மட்டுமன்று, மருந்தும் கூட. சீன மொழியில் அதன் பெயர் 'லூ தௌ'. சொல்லுக்குச் சொல் 'பச்சைப் பயறு' என்றே பொருள்! இந்தியாவில் முதலில் பயிராகிப் பின்னர் சீனம் சென்ற தானியம் இது.

1596இல் அச்சான லி ஷிஜென்னின் புகழ்பெற்ற மருந்து நூலிலும் இது இடம்பெற்றுள்ளது. சுவை இனிப்பு, குணம் குளிர்ச்சி என்பது சீன வைத்தியர் கணக்கு. நம் பாட்டிமார் சொல்லும் சூடு, குளிர்ச்சி போன்றதே இது. கோடை வெப்பம், தாகம், நீர்க்கடுப்பு, கட்டி ஆகியவற்றுக்கு இதைத் தருவர். வழக்கமான அளவு 15 முதல் 30 கிராம். குளிர்ச்சி தோலில்தான் மிகுதி என்பதால் தோலை நீக்குவதில்லை. வயிறு மந்தமாகி அடிக்கடி பேதியாகிறவர்களுக்கு இது ஆகாது என்றும் எச்சரிக்கிறார்கள்.

செய்முறை எளிது. ஒரு கைப்பிடி முழுப்பயறைக் கழுவி, ஒரு லிட்டர் நீரில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பச்சை நிறமாக இறங்கும் நீரை வடித்து, சிறிது கற்கண்டு சேர்த்து ஆறியபின் பருகலாம். மீந்த பயறை வேகவைத்துச் சுண்டலாக்கிவிடலாம். சித்திரை, வைகாசிப் புழுக்கத்துக்கு ஏற்ற பானம் இது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. சாங் வூபென் என்பவர் பச்சைப்பயறுக் கஞ்சியே நீரிழிவு முதலிய நோய்களைத் தீர்க்கும் என்று சீனத் தொலைக்காட்சியில் பேசிப் புகழ் பெற்றார். கடைகளில் பயறு விலை ஏறியது. அவர் கூறிக்கொண்ட தகுதி அவருக்கு இல்லை என்று 2010இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அறிவித்தது.

நூறு கிராம் உலர்ந்த பயறில் சுமார் 24 கிராம் புரதமும் 16 கிராம் நார்ச்சத்தும் உண்டு. நல்ல உணவுதான். ஆனால் அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையையோ இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்தக்கூடாது. பொட்டாசியம் மிகுதியாதலால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். நஞ்சை முறிக்கும் என்று பழைய நூல்கள் சொன்னாலும், யாரேனும் விஷம் அருந்திவிட்டால் அடுப்பை மூட்டாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.