அளவை மாற்றமும் அன்றாடக் கணக்கும்

ஓர் இறாத்தல் எத்தனை கிராம் என வினவினால், நம் பழைய மாணவரிடையே மூன்று விடைகள் பிறத்தல் கூடும். பாண் வாங்குபவர் 450 என்பார். கணித ஆசிரியர் 453.6 என்பார், அவசரக்காரரோ அரைக் கிலோ என்று முடித்துவிடுவார். மூன்றிற்கும் இடமுண்டு. இடம் மாறினால்தான் இழப்பு நேர்கின்றது.

1970களில் இலங்கை மெற்றிக் முறைக்கு மாறிய பின்னரும் ஊவாவிற் பழைய பெயர்கள் மறைந்தில. 450 கிராம் பாணை இன்றும் இறாத்தல் என்கிறோம். 50 கிலோ உரப்பையை அந்தர் என்கிறோம். பழைய அந்தரோ 112 இறாத்தல், அஃதாவது 50.8 கிலோ. ஒரு பையில் இவ்வேறுபாடு பொருட்டன்று; நூறு பையில் 80 கிலோவாகும்.

கொழுந்து நிறுக்கும் இடத்திற் கணக்குக் கூர்மையாதல் வேண்டும். பல தோட்டங்களில் நாட்கூலிக்குரிய அளவு 18 கிலோ. கூடையின் கனத்தை இன்னும் இறாத்தலில் மதிக்கும் மூத்தவர் ஒருவர், ‘இரண்டு இறாத்தல் ஒரு கிலோ’ என்றெண்ணி 36 இறாத்தலோடு தராசடிக்கு வந்தால், அங்கே முள் 16.3 கிலோவில் நின்றுவிடும். குறைந்த ஒன்றே முக்காற் கிலோவால் முழுப்பெயர் அரைப்பெயராதல் கூடும். இதற்கு நாம் கையாளும் வழி எளிது: கிலோவை இரட்டித்து, வந்த தொகையிற் பத்திலொரு பங்கைக் கூட்டுக. 18 இரட்டித்தால் 36, அதனோடு 3.6 சேர 39.6. உண்மை விடை 39.7.

இதனினும் பெரும்பிழை, பெருக்க வேண்டிய இடத்தில் வகுப்பதும், வகுக்க வேண்டிய இடத்திற் பெருக்குவதுமாம். ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர். ஹெக்டேயருக்கு 100 கிலோ உரம் என்று எழுதியிருப்பின், ஏக்கருக்கு 40.5 கிலோவே வேண்டும். மறந்து பெருக்கினால் 247 கிலோ. தேயிலைச் செடி ஆறு மடங்கு உரத்தைத் தாங்குமா? பேனா எடுக்குமுன், விடை பெரிதாதல் வேண்டுமா சிறிதாதல் வேண்டுமா என்று மாணவர் தம்மையே கேட்டுக்கொள்வாராக. ஏக்கர் சிறிது, உரமும் சிறிதே.

புசல் வேறொரு வகை. அது கொள்ளளவேயன்றி நிறையன்று. ஒரு புசல் நெல் சுமார் 20.9 கிலோ, உமி நீங்கிய அரிசி அதே புசலில் அதனினும் கனக்கும். எனவே தானியத்தின் பெயரைக் கேளாது புசலைக் கிலோவாக்குதல் இயலாது.

எல்லாவற்றிற்கும் தசமதானம் தேடுதலும் வேண்டா. தேயிலையின் உயர்நில எல்லை 4,000 அடி; சரியாக மாற்றின் 1,219 மீற்றர், வழக்கில் 1,200. சுமார் 680 மீற்றரிலுள்ள பதுளை நகர் எவ்வாறாயினும் அவ்வெல்லைக்குக் கீழேதான். ஆயின் காணி அவ்வாறன்று. ஒரு பேர்ச்சு 272¼ சதுர அடி. லயத்தை விட்டு 7 பேர்ச்சில் வீடு கட்டப் புகும் குடும்பத்திற்கு அது 1,905¾ சதுர அடி. ‘சுமார் 250’ என்று அளப்பவர், வேலி போடுமுன்னரே ஓர் அறையளவு நிலத்தை, 155 சதுர அடிக்கு மேல், இழந்திருப்பார்.