தமிழில் ஒரு 'கு'. ஆங்கிலத்தில் இரண்டு சொல்



கல்வி உதவி கேட்டு மாணவர்கள் எழுதும் ஆங்கிலக் கடிதங்களைச் செயலவையில் ஆண்டுதோறும் படித்து வருகிறேன். பிள்ளைகளின் சொல்வளம் நன்றாகவே இருக்கிறது. அவர்கள் இடறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: பெயரடைக்குப் பின் வரும் 'டூ', 'ஃபார்', 'இன்', 'வித்' போன்ற முன்னிடைச் சொற்களில். நேர்முகத் தேர்விலும் வேலை விண்ணப்பத்திலும் இந்தச் சிறு பிழை பெரிதாகத் தெரியும். ஆகவே, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க இதை எழுதுகிறேன்.

'உங்களுக்கு நன்றி', 'உதவிக்கு நன்றி' என்கிறோம். ஆளுக்கும் பொருளுக்கும் நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' ஒன்றே. ஆங்கிலமோ பிரிக்கிறது. ஆளிடம் 'கிரேட்ஃபுல் டூ'. உதவிக்கு 'கிரேட்ஃபுல் ஃபார்'. மலாயிலும் 'தெரிமா காசே' சொல்லும்போது ஆளுக்குக் 'கெபாடா', உதவிக்கு 'அத்தாஸ்' என்று இரண்டுதானே!

'ரெஸ்பான்ஸிபிள்' என்பதும் அப்படியே. செயலவையினர் நன்கொடையாளர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்: 'ரெஸ்பான்ஸிபிள் டூ'. அவர்கள் தந்த பணத்துக்குப் பொறுப்பானவர்கள்: 'ரெஸ்பான்ஸிபிள் ஃபார்'. இரண்டையும் மாற்றி எழுதினால், பணத்துக்குப் பதில் சொல்கிறோம், நன்கொடையாளர்களின் செயலுக்கு நாங்கள் பொறுப்பு என்று பொருள் தலைகீழாகிவிடும்.

'ஆளுக்கு டூ, பொருளுக்கு ஃபார்' என்று எல்லா இடத்திலும் பொருத்திவிடவும் கூடாது. குழந்தைக்குப் பால் நல்லது: பயனைச் சொல்வதால் 'குட் ஃபார்'. பாட்டி குழந்தையிடம் அன்பாக நடக்கிறார்: நடத்தையைச் சொல்வதால் 'குட் டூ'. தம்பி கணக்கில் கெட்டிக்காரன்: 'இல்' என்ற உருபைப் பார்த்து 'இன்' போடாமல் 'குட் அட்' என்க.

அடுத்து, யாரிடமிருந்து வாக்கியம் தொடங்குகிறது என்று பாருங்கள். கணினியில் தொடங்கினால், அது எனக்கு 'ஃபெமிலியர் டூ'. என்னிலிருந்து தொடங்கினால், நான் கணினியோடு 'ஃபெமிலியர் வித்'. தாதிமைப் படிப்பு 'இன்ட்ரஸ்டிங்'. அதில் ஆர்வமுள்ள மாணவி 'இன்ட்ரஸ்டட் இன்'. 'ஐ ஏம் இன்ட்ரஸ்டிங்' என்று அவள் எழுதினால், 'நான் சுவையானவள்' என்று தன்னையே புகழ்ந்ததாகும்!

நம் பிள்ளைகளை மலாயும் இழுக்கும். 'பெர்க்கவின் டெங்ஙான்' என்ற பழக்கத்தில் 'மேரீட் வித்' என்பார்கள்; சரியானது 'மேரீட் டூ'. 'தெர்க்கெனால் டெங்ஙான்' என்ற பழக்கத்தில் 'ஃபேமஸ் வித்' என்பார்கள். ஜொகூர் பாரு இராஜகாளியம்மன் ஆலயம் கண்ணாடி வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் அது 'ஃபேமஸ் ஃபார்'.

தமிழ் கைகொடுக்கும் இடமும் உண்டு. 'என்னைவிட மூத்தவர்' என்று நினைத்தால் 'சீனியர் தேன்' என்று தவறும். 'எனக்கு மூத்தவர்' என்று நினையுங்கள். 'சீனியர் டூ' தானே வரும். 'ஜூனியர்', 'சுப்பீரியர்' ஆகியவையும் இவ்வகையே.

பிள்ளைகள் குறிப்பேட்டில் பெயரடையை மட்டும் எழுத வேண்டாம். அதன் முன்னிடைச் சொல்லையும் சேர்த்து, சொந்தமாக ஒரு வாக்கியம் அமைத்து எழுதட்டும். நாளைக்கு இரண்டு போதும். ஒரு மாதத்தில் அறுபது கைவசமாகும்.